பின்னால் இருப்பவர் கையில் படகு

நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை ‘பெருநடை’ என்ற பெயரில் சில நெடும்பாதைகளைப் பராமரிக்கிறது. அவற்றில் ஒன்றை நடந்து கடக்க முடியாது. அது ஓர் ஆறு. வடக்குத் தீவின் டொங்கரிரோ மலையில் பிறந்து 290 கி.மீ. ஓடிக் கடலில் சேரும் வாங்கனுய். தௌமருனுய் ஊரில் படகை இறக்கினால் பிப்பிரிக்கி வரை 145 கி.மீ. துடுப்புப் போட ஐந்து நாள் பிடிக்கும். அவ்வளவு விடுப்பு கிடைக்காதவர்கள் நடுவழியில், வகாஹோரோவில் ஏறி மூன்று நாளில் முடிப்பார்கள்.

இங்கே பெரும்பாலோர் எடுப்பது கேனோ. சிலர் கயாக்கில் வருவார்கள். வாடகைக் கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதால் ஒரே குடும்பம்போலத் தோன்றும். உண்மையில் அவை வேறு வேறு தண்ணீருக்குப் பிறந்தவை. கயாக் வடதுருவக் கடலோர வேட்டைக்காரர்களின் கண்டுபிடிப்பு. சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துப் போர்த்தி, ஆள் உட்காரும் ஓட்டையைத் தவிர மேலேயும் மூடிவிட்டார்கள். பனிக்கடலில் விழுந்தவன் சில நிமிடத்தில் விறைத்துவிடுவான். ஆகவே கவிழ்ந்தால் வெளியே வராமல், துடுப்பைத் தண்ணீரில் வீசி, இடுப்பை வெட்டிப் படகோடு சேர்ந்தே நிமிரக் கற்றார்கள். கேனோவோ வட அமெரிக்கக் காடுகளின் ஆறுகளிலும் ஏரிகளிலும் பூர்வகுடிகள் பிர்ச் மரப்பட்டையில் செய்த திறந்த படகு. ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே தோளில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். மூட்டை முடிச்சை நிறைய ஏற்றலாம். பல நாள் பயணத்துக்கு என் ஓட்டு கேனோவுக்குத்தான். கயாக்கில் அரிசிச் சட்டிக்கு இடம் தேடியே அலுத்துவிடும்.

இன்றைய கேனோ பிளாஸ்டிக்கில் வருகிறது. உணவும் உடையும் மூடி இறுகிய பீப்பாய்களில் அடைத்து நடுவில் கட்டப்படும். பீப்பாய்க்குள் காற்று இருப்பதால், கவிழ்ந்தாலும் அந்த அளவுக்குப் படகுக்குள் தண்ணீர் புக இடமில்லை.

இருவரில் முன்னால் இருப்பவர்தான் வழிகாட்டுகிறார் என்று புதியவர்கள் நினைப்பார்கள். ஓடும் படகின் மூக்கைத் தண்ணீர் இரு பக்கமும் அழுத்திப் பிடித்திருக்கும். வால்பக்கம் தளர்ந்து கிடக்கும். லேசாகத் தள்ளினாலும் வால் நகர்ந்துவிடும், படகு திரும்பும். அதனால் திசை பின்னால் இருப்பவர் கையில். அவர் வலப்பக்கம் துழாவினால் மூக்கு இடப்பக்கம் போகும். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் துடுப்பின் தட்டையை வெளிப்பக்கம் முறுக்கித் தள்ளி அதைச் சரிசெய்ய வேண்டும். இதற்கு ஜே வீச்சு என்று பெயர். இது பழகாத ஜோடி ஆற்றின் இரு கரையையும் மாறி மாறிப் பார்த்தபடி போகும். தாம்பத்தியச் சண்டைகள் பலவும் இங்கேதான் பிறக்கின்றன.

வாங்கனுயில் இருநூறுக்கும் மேற்பட்ட விரைவோட்டங்கள் உண்டு. பெரும்பாலானவை சாதுவானவை. அவற்றைத் தாண்டப் பலத்தைவிடப் பார்வை முக்கியம். நீர்ப்பரப்பில் ‘வி’ வடிவம் தெரிந்து, அதன் கூர்முனை கீழ்நோக்கி இருந்தால் இரு பாறைகளுக்கு நடுவே திறந்த வழி. கூர்முனை நம்மைப் பார்த்திருந்தால் நீருக்கடியில் ஒரு பாறை. பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடும். ஓய்வெடுக்க நல்ல இடம். ஆனால் அதற்குள் நுழையும் கோட்டில்தான் ஆட்கள் விழுகிறார்கள். மூக்கு எதிரோட்டத்தில் சிக்க, வாலைப் பேராறு இழுக்க, படகு சட்டென்று சுழலும். வளைவில் சைக்கிள்காரர் சாய்வதுபோல, திரும்பும் பக்கமே சாய வேண்டும். பாறையில் பக்கவாட்டாக மோதினாலோ மனம் விலகச் சொல்லும். விலகினால் எதிர்ப்புற விளிம்பு தாழ்ந்து ஆறு உள்ளே ஏறிவிடும். பாறையைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி அதன்மேல் சாய்வதே சரி. குழுவை அழைத்துப் போகும் வழிகாட்டி முதல் நாள் அமைதியான நீரில் இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்.

சைக்கிளுக்கும் இங்கே இடமுண்டு. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு மங்காபுருவா பள்ளத்தாக்கில் நிலம் கொடுத்தார்கள். காடு திருத்திய மலைச்சரிவு நிலைக்கவில்லை, பாதை சரிந்துகொண்டே இருந்தது. 1936இல் அவர்களுக்காக ஒரு கான்கிரீட் பாலம் எழும்பிய நேரத்தில் பலர் போய்விட்டிருந்தார்கள். 1942இல் பள்ளத்தாக்கே காலியானது. எந்த ஊருக்கும் போகாத அந்தப் பாலத்தின்மேல் இன்று சைக்கிள்கள் போகின்றன. பாதை ஆற்றங்கரையில் முடிந்துவிடும், அப்பால் சாலை கிடையாது. முன்கூட்டிப் பேசிவைத்த விசைப்படகில் சைக்கிளை ஏற்றிப் பிப்பிரிக்கி போகலாம். கேனோக்காரர்கள் அதே கரையில் படகைக் கட்டிவிட்டுப் பாலம் பார்க்க ஏறுவார்கள்.

2017இல் நாடாளுமன்றம் இந்த ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக ஏற்றது. கரையோர மாவோரி மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்தது அது. அவர்களுடைய முன்னோர் குடைந்த மரப்படகுகளை நீண்ட கழியால் ஊன்றி இதே விரைவோட்டங்களில் எதிர்த்து ஏறினார்கள். நாம் இறங்குவதோடு சரி. பயணத்தின் கடைசிப் பகுதியில் ஔதபு என்ற விரைவோட்டத்துக்கு வழிகாட்டிகள் வைத்த பெயர் ‘ஐம்பதுக்கு ஐம்பது’. கவிழ்ந்தால் கால் முன்னே, முதுகு கீழே, துடுப்பை விடாமல் மிதந்து போகச் சொல்வார்கள். எழுந்து நிற்கக் கூடாது, கால் பாறையிடுக்கில் சிக்கினால் ஓட்டம் ஆளை முகங்குப்புற அழுத்திவிடும்.