ஓட்டத்தைக் குலைக்கும் பாகுநிலை

1923 ஜூலையில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் 21 வயது வெர்னர் ஹைசன்பர்க், வில்ஹெல்ம் வீன் கேட்ட நுண்ணோக்கிக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் திணறி, ஒருவழியாக முனைவர் பட்டத் தேர்வில் தேறினார். இந்தக் கதை பலருக்கும் தெரியும். அவருடைய ஆய்வேடு எதைப் பற்றியது என்று கேட்டால்தான் விழிப்பார்கள். குவாண்டம் இல்லை, திரவ ஓட்டம்.

இணையான இரண்டு சுவர்களுக்கு நடுவே நீர் சீராக ஓடுகிறது. சுவரை ஒட்டிய நீர் நகராது. நடுவில்தான் வேகம் அதிகம். இதில் ஒரு சிற்றலை எழுந்தால் அடங்குமா, வளருமா? பாகுநிலையே இல்லாத திரவம் என்றால் வளராது என்று 1880-லேயே ராலே காட்டியிருந்தார். பாகுநிலை என்பது திரவ அடுக்குகளுக்கு இடையிலான உராய்வு. அதையும் சேர்த்தால் அலை இன்னும் சீக்கிரம் ஓய வேண்டும் என்றுதான் யாரும் நினைப்போம். ஹைசன்பர்க்கின் கணக்கோ தலைகீழாக வந்தது. சுவரோரத்தில் பாகுநிலை, அலையின் முன்பின் அசைவுக்கும் மேல்கீழ் அசைவுக்கும் இடையே சற்றுத் தாளம் தப்ப வைக்கிறது. அந்தப் பிசகின் வழியே அலை சீரான ஓட்டத்திலிருந்து ஆற்றலை உறிஞ்சி வளர்கிறது.

எளிதில் யாரும் ஏற்கவில்லை. 1926-ல் ஃபிரிட்ஸ் நோதர் கணித ரீதியாகவே மறுத்தார். 1940-களில் சி.சி.லின் கணக்கைச் செப்பனிட்டு ஹைசன்பர்க் பக்கம் நின்றார். 1971-ல் ஸ்டீவன் ஓர்சாக் கணினியில் போட்டுப் பார்த்து, அலை வளரத் தொடங்கும் ரெனால்ட்ஸ் எண் 5772 என்றார். மைய வேகத்தை இடைவெளியின் பாதியால் பெருக்கி, இயக்கப் பாகுநிலையால் (பாகுநிலை ÷ அடர்த்தி) வகுத்தால் வரும் எண் இது. 1 செ.மீ. இடைவெளியில் ஓடும் சாதாரண நீருக்கு, நடுவில் நொடிக்குச் சுமார் 115 செ.மீ. வேகம்.

ஆனால் ஆய்வகத்தில் 1000-ஐ ஒட்டியே, அதாவது நொடிக்கு 20 செ.மீ. வேகத்திலேயே, கொந்தளிப்பு தலைகாட்டிவிடுகிறது. கணக்கு சோதிப்பது மிக மிகச் சிறிய அலையை. நிஜத்தில் நுழைவாயிலிலேயே சுழல்கள் கிளம்பிவிடும். ஓட்டத் திசையில் நீண்ட சுழல்கள் சுவரோரத்து மெதுவான நீரை நடுவுக்குத் தூக்கி, நடுவிலுள்ள வேகமான நீரைச் சுவருக்குத் தள்ளுகின்றன. இதனால் வேகமும் மந்தமுமாக நீள நீளக் கீற்றுகள் உருவாகி, நெளிந்து உடைகின்றன. அலை வளரும்வரை அவை காத்திருப்பதில்லை.

அதற்காக ஹைசன்பர்க்கின் அலை வெறும் காகித அலை இல்லை. 1975-ல் ஜப்பானில் நிஷியோகா குழுவினர் உள்வரும் காற்றோட்டத்தின் சலனத்தை வெகுவாகக் குறைத்து, ரெனால்ட்ஸ் எண் 8000 வரை சீர் குலையாமல் ஓட்டினார்கள். பிறகு அதிரும் நாடா ஒன்றால் தாங்களே அலையைக் கிளப்பி, அது வளர்வதை அளந்தார்கள்.

வட்டக் குழாயின் கதை இன்னும் விசித்திரம். எந்த வேகத்திலும் சிற்றலை அடங்கிவிடும் என்றே அங்கே கணக்குகள் சொல்கின்றன. ஆனால் 1883-லேயே மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாய்க்குள் நேர்கோடாக ஓடிய சாய இழை வேகம் கூடியதும் கலைந்து போவதைக் கண்ணால் பார்த்திருந்தார்.