நீலத்தில் ஒரு ரோமாபுரி முகம்

'புளூ பிரிண்ட்' என்ற வார்த்தையைச் சொல்லாத டிப்ளமோ மாணவன் உண்டா? ஆனால் அசல் புளூ பிரிண்ட்டைக் கையால் போட்டுப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப்தான் அது. கட்டட பிளானுக்கு மட்டுமல்ல, கற்சிலை முகத்துக்கும் அது ஒத்து வரும்.

சிலையைப் படமெடுப்பது புதுசு இல்லீங்க. புகைப்படக் கலை பிறந்த காலத்திலேயே டால்பாட், பாட்ரோக்ளஸ் என்னும் பழைய தலைச்சிலையின் பிளாஸ்டர் வார்ப்பைத் திருப்பித் திருப்பி வைத்துப் பலமுறை எடுத்தார். வெள்ளை நிறம், ஆடாது, அசையாது. அன்றைய மந்தமான ரசாயனத்துக்கு அதைவிட நல்ல மாடல் ஏது?

நான் எடுத்துக்கொண்டது கோபன்ஹேகன் நியூ கார்ல்ஸ்பெர்க் கிளிப்டோடெக்கில் உள்ள ரோமானிய மன்னன் காலிகுலாவின் தலை. அதன் படத்தை நெகடிவாக மாற்றி ஓ.எச்.பி. ஷீட்டில் பிரிண்ட் எடுத்தேன். 100 மி.லி. தண்ணீரில் 25 கிராம் பெரிக் அமோனியம் சிட்ரேட். இன்னொரு 100 மி.லி.யில் 10 கிராம் பொட்டாசியம் பெரிசயனைடு (கையுறை போடுங்க, ஆசிட் பக்கமே கொண்டு போகாதீங்க). இரண்டையும் மங்கிய வெளிச்சத்தில் சமமாகக் கலந்து டிராயிங் ஷீட்டில் பூசிக் காயவைத்து, மேலே நெகடிவ், அதன்மேல் கண்ணாடி, அப்புறம் மொட்டைமாடி வெயில். புற ஊதாக்கதிர் பட்ட இடத்தில் பெரிக் இரும்பு பெரஸ் ஆகி, பெரிசயனைடுடன் சேர்ந்து நீலமாகிறது. படாத இடம் தண்ணீரில் கழுவிப் போய்விடும். முதல் தடவை அவசரப்பட்டு 3 நிமிடத்தில் எடுத்தேன்; முகமே கழுவிப் போச்சு! 12 நிமிடம் விட்டதும் நின்றது.

ஆனால் கண்கள் மட்டும் வெறும் வெள்ளைக் காகிதம். அந்தக் காலச் சிற்பிகள் கருவிழியைச் செதுக்கவில்லை, வண்ணத்தில் தீட்டினார்கள். அந்தத் தலையிலும் வண்ணத்தின் மிச்சம் கிடைத்திருக்கிறது. கருவிழியைக் குடைந்து செதுக்கும் வழக்கம் ஹேட்ரியன் காலத்தில்தான் பரவியது. ஆக, நாம் 'கல்நெஞ்சப் பார்வை' என்கிறோமே, அது வெறும் உதிர்ந்த பெயிண்ட்!

அடுத்த பிரதியில் நெகடிவின் கண் பகுதியை ஊசியால் சுரண்டினேன். வெயில் உள்ளே இறங்கி இரண்டு நீலக் கருவிழிகள் வந்துவிட்டன. பெயர் சொல்லாமல் ஹாஸ்டலில் காட்டினேன். "பாவம், அரியர் வச்ச பையன் மாதிரி இருக்கான்" என்றான் ரூம்மேட். கொடுங்கோலன் என்று பெயரெடுத்து, கி.பி. 41-ல் 28 வயதில் வெட்டிக் கொல்லப்பட்டவன் என்று அப்புறம் சொன்னேன். உடனே, "அதான் பார்த்தேன், முழியே சரியில்லை" என்றான். நான் சுரண்டிய முழி அது.