கையிருப்புக் கணக்கும் எங்கள் கையும்



நாட்டை விட்டு வந்து மாங்கெரே மீள்குடியேற்ற நிலையத்தில் சில கிழமைகள் இருந்து, பின்னர் புக்கெகோஹிப் பக்கம் வேலைக்கு வருபவர்கள் எங்களில் சிலர் இருக்கிறோம். இங்குள்ள சிவந்த எரிமலை மண்ணில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் நன்றாக விளையும் என்பது ஊர் அறிந்த விடயம். தை, மாசி மாதங்களில் வெங்காய அறுவடை தொடங்கினால் பொதி செய்யும் ஸ்ரோர்களில் இரவு பகலாக வேலை நடக்கும்.

புதிதாக வருபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணை, நேற்று எண்ணின பலற்றை இன்றைக்கும் ஏன் எண்ணச் சொல்லுகினம்? எங்களை நம்பேல்லையோ?" நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். அது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விடயம் அல்ல என்று விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் எடுக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எந்த ஊர்க் களஞ்சியத்துக்கு, எந்தப் பொருளை, எவ்வளவு, எப்போது அனுப்ப வேண்டும் என்று முற்கூட்டியே கணக்குப் பார்க்கும் முறைக்கு விநியோகத் தேவைத் திட்டமிடல் என்று பெயர். அலுவலகத்தில் இருப்பவர்கள் சுருக்கமாக டீ.ஆர்.பி. என்பார்கள். 1970களில் கனடாவில் அபொட் என்ற மருந்துக் கொம்பனியில் வேலை செய்த ஆந்த்ரே மார்ட்டின் என்பவர் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1983இல் இதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். இன்று இந்தக் கணக்கைக் கணனி போடுகிறது. ஆனால் கணனிக்குத் தானாக ஒன்றும் தெரியாது. நாங்கள் கொடுக்கும் தகவல்களை வைத்துத்தான் அது கூட்டிக் கழிக்கிறது.

அந்தத் தகவல்கள் எவை?

முதலாவது, தேவை. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கிழமையும் எவ்வளவு விற்கும் என்ற மதிப்பீடு. ஏற்கனவே வந்த ஓடர்களும் இதில் அடங்கும்.

இரண்டாவது, கையிருப்பு. இன்று ஸ்ரோரில் அனுப்பக்கூடிய நிலையில் உள்ள பொருள்.

மூன்றாவது, வழியில் வந்துகொண்டிருப்பது. லொறியிலோ கப்பலிலோ ஏற்றியாகிவிட்டது, இன்னும் போய்ச் சேரவில்லை.

நான்காவது, போய்ச் சேர எடுக்கும் காலம். பொதி செய்வதும் ஏற்றி இறக்குவதும் இதில் சேரும்.

ஐந்தாவது, காப்பு இருப்பு. எதிர்பாராத தேவைக்கென்று எப்போதும் ஒதுக்கி வைத்திருக்க வேண்டிய அளவு.

ஆறாவது, அனுப்பும் அளவு. ஒரு பலற், ஒரு கொன்ரெய்னர் என்று முழுதாகத்தான் அனுப்பலாம்.

ஏழாவது, எந்த ஸ்ரோர் எந்த ஸ்ரோருக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஒழுங்கு. இது பிழைத்தால் ஒரே ஊருக்கு இரண்டு இடத்திலிருந்து பொருள் போகும், இன்னொரு ஊர் வெறுமையாக இருக்கும்.

இப்போது ஒரு உதாரணம் பார்ப்போம். விளங்குவதற்காக எண்களை இலகுவாக்கியிருக்கிறேன்.

கிறைஸ்ற்சேர்ச் களஞ்சியத்தில் 10 கிலோ வெங்காய மூட்டை 700 இருக்கிறது. கிழமைக்கு 400 மூட்டை விற்கும். இந்தக் கிழமை 300 மூட்டை போய்ச் சேரும். காப்பு இருப்பு 200. ஒரு பலற்றில் 100 மூட்டை. லொறியில் வெலிங்ரன் போய், அங்கிருந்து கப்பலில் பிக்ரனுக்குக் கடந்து, திரும்பத் தரைவழியாகக் கிறைஸ்ற்சேர்ச் போக எல்லாமாக ஒரு கிழமை என்று வைப்போம்.

முதற் கிழமை முடிவில் மிஞ்சுவது 700 + 300 - 400 = 600. இரண்டாம் கிழமை முடிவில் 200. அது சரியாகக் காப்பு இருப்பின் அளவு. மூன்றாம் கிழமை 400 விற்றால் 200 மூட்டை தட்டுப்பாடு வரும். காப்பு இருப்பையும் குறையாமல் வைத்திருக்க வேண்டுமென்றால் 400 மூட்டை, அதாவது 4 பலற், மூன்றாம் கிழமை தொடங்குமுன் அங்கே நிற்க வேண்டும். ஆகவே இரண்டாம் கிழமைத் தொடக்கத்திலேயே அது புக்கெகோஹியை விட்டு வெளிக்கிட வேண்டும். அதற்கும் முன்னர் நாங்கள் பொதி செய்து முடித்திருக்க வேண்டும். சுப்பவைசர் "இன்றைக்கே முடிக்க வேணும்" என்று ஏன் அந்தரப்படுகிறார் என்பது இப்போது விளங்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் முன்னர் வேலை செய்த ஒரு ஸ்ரோரில் இப்படியான ஒரு கிழமையில் பலற் எண்ணும் வேலை எனக்குத் தரப்பட்டது. ஒரு மூலையில் மூன்று பலற் சுவர்ப்பக்கமாக நின்றன. அவை முளைவிடத் தொடங்கியதால் அனுப்பாமல் நிறுத்தி வைக்கப்பட்டவை. அடையாளச் சிவப்புத் தாள் சுவர்ப்பக்கம் மறைந்திருந்தது. நான் சுற்றிப் பார்க்கவில்லை. மூன்றையும் நல்ல கணக்கில் ஸ்கான் பண்ணிவிட்டேன். கணனியும் நம்பிவிட்டது. ஏற்றும் நாளில்தான் குட்டு வெளிப்பட்டது. வேறு வெங்காயம் இருந்தது, ஆனால் அது வெளிநாட்டுக்குப் போகும் கொன்ரெய்னருக்கு ஒதுக்கியது. கப்பல் எங்களுக்காக நிற்காது.

மேலே சொன்ன கணக்கில் இதைப் போட்டுப் பாருங்கள். நாலு பலற்றுக்குப் பதில் ஒன்றுதான் போகிறது. 200 + 100 - 400. காப்பு இருப்பு முழுவதும் கரைந்து, 100 மூட்டை குறைகிறது. நான் எண்ணும்போது மிச்சப்படுத்தியது ஒரு நிமிடம்.

கையிருப்பு மட்டுமல்ல, காலமும் பிழைக்கலாம். 2016 நவம்பர் 14ஆந் திகதி கைக்கோராப் பூகம்பத்தில் பிக்ரனிலிருந்து கிறைஸ்ற்சேர்ச் போகும் கரையோரப் பெருந்தெரு உடைந்தது. 2017 டிசம்பரில்தான் அது திரும்பத் திறக்கப்பட்டது. அதுவரை லொறிகள் மலைப்பாதையால் சுற்றிப் போயின. வடக்கே பிறின்டர்வின் மலைத் தெருவும் திருத்த வேலைக்காக 2024இல் நாலு மாதம் மூடப்பட்டது. இப்படியான நேரத்தில் கணனியில் பழைய பிரயாண நேரத்தை மாற்றாமல் விட்டால், மற்ற எல்லா எண்ணும் சரியாக இருந்தும் பொருள் பிந்தித்தான் போகும்.

உறவுகளே, வெங்காயம் பிந்தினால் கடைக்காரர் ஏசுவார், அவ்வளவுதான். ஆனால் முதலாவது தகவலாகிய தேவையே பிழைத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊரில் சங்கக்கடையில் கூப்பனுக்கு நிவாரணம் எடுத்தவர்கள் நாங்கள். குடும்ப அட்டை எத்தனை, களஞ்சியத்தில் அரிசி எவ்வளவு, கப்பல் எப்போது வரும் என்றுதான் கச்சேரியிலும் கணக்குப் பார்த்தார்கள். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்துச் சனம் கப்பலைப் பார்த்துக்கொண்டுதான் சீவித்தது. அதுவும் இதே கணக்குத்தான், பெயர்தான் வேறு.

2009 தொடக்கத்தில் நான் வன்னியில் இருந்தேன். சாதாரணதரப் பரீட்சை எழுத வேண்டிய வயது. எழுதவில்லை. படிப்பு அத்துடன் நின்றது. அப்போது வன்னியில் ஏறக்குறைய 70,000 பேர்தான் இருப்பதாக அரசாங்கம் சொன்னது. அங்கே கடமையில் இருந்த மாவட்ட அலுவலர்களின் கணக்கு 3 இலட்சத்துக்கும் மேல். கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 2 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அரசாங்கம் வேண்டுமென்றே எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியது என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு தனது 2011ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதியது. 70,000 பேருக்கென்று கணக்குப் போட்ட சாமானை மூன்று இலட்சம் பேர் எப்படிப் பங்கிடுவது? நான் கஞ்சிக்கு வரிசையில் நின்றவன். சட்டி வழித்த பிறகும் எனக்குப் பின்னால் வரிசை இருந்தது. அந்த வரிசையில் நின்றவர்கள் கணக்கில் இல்லாதவர்கள்.

இரண்டையும் நான் ஒன்றென்று சொல்லவில்லை. என்னுடையது கவலையீனம், அது தெரிந்து செய்தது. ஆனாலும் தாளில் எழுதும் ஒரு எண் யாரோ ஒருவரின் கோப்பையில் போய் முடிகிறது என்பதை அறிந்தவர்கள் நாங்கள். அதை அறிந்தவர்கள் எண்ணும்போது மற்றவர்களை விடக் கவனமாக எண்ண வேண்டாமா?

ஆகவே புதிதாக வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். பலற்றைச் சுற்றி வந்து பார்த்து எண்ணுங்கள். நிறுத்தி வைத்ததை நல்லதோடு சேர்க்காதீர்கள். முதலில் வந்த பொருள் முதலில் போக வேண்டும், பின்னால் தள்ளி விடாதீர்கள். லேபல் கிழிந்திருந்தால் ஊகித்து எழுதாமல் கேளுங்கள். இங்கிலீசு சரியாக வராவிட்டால் பாதகமில்லை, கையால் காட்டினாலும் போதும். பிழை விட்டால் அன்றே சொல்லுங்கள். நான் அன்று முன்னேரமே சொல்லியிருந்தால் வேறு மூன்று பலற் பொதி செய்ய ஒரு நாள் கிடைத்திருக்கும்.

"எங்களை நம்பேல்லையோ" என்று கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். நம்பியபடியால்தான் எண்ணச் சொல்லுகினம். நீ எழுதுகிற எண்ணை அதற்குப் பிறகு ஒருவரும் திரும்ப எண்ணப் போவதில்லை.