தகடு போடும் முன் கணக்குப் போடுவோம்



நாலைந்து கடைகள் கூட்டாகச் சூரிய ஒளித் தகடு போட்டால் மின் கட்டணம் குறையாதா என்று, உறுவையாற்றில் எங்களிடம் சரக்கெடுக்க வரும் சில்லறை வியாபாரிகள் கேட்கிறார்கள். முடியாத காரியமல்ல. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. ஊர்த் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது.

ஆனால் வெயில் நம் கடை நேரம் பார்த்து வருவதில்லை. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அதில் பெரும்பகுதி நடுப்பகலில். நமக்கோ வியாபாரம் விளக்கு வைத்த பிறகுதான். எல்லாக் கூரையிலிருந்தும் ஒரே நேரத்தில் மின்சாரம் கம்பியில் ஏறி, அருகில் அதைச் செலவழிக்க ஆளில்லாவிட்டால் வோல்டேஜ் உயரும். அளவு மீறினால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். நட்டம் நமக்கு.

இதற்காகவே பொறியாளர்கள் முன்கூட்டியே கணினியில் மாதிரி ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கடையின் மணிவாரி மின்செலவு, வெயில், கம்பியின் நீளம், டிரான்ஸ்பார்மரின் தாங்குதிறன் ஆகியவற்றைக் கொடுத்தால், ஓராண்டு வரவு செலவு தெரிந்துவிடும். தீபாவளிச் சரக்கெடுக்கப் போன வருடப் பேரேட்டைப் புரட்டுகிறோமே, அதே வேலைதான்.

ஆகவே கூட்டுச் சேருமுன் ஒரு வாரம் மணிக்கொரு முறை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவோம். பகலில் ஓடும் மாவு மில், தையற்கடை, ஜெராக்ஸ் கடைக்காரர்களையும் சேர்த்துக்கொள்வோம். அனுமதி விவரத்தையும் டிரான்ஸ்பார்மர் அளவையும் மின்துறையிடம் கேட்டறிவோம். அதன் பிறகு முதல் போடலாம்.