எண்ணெயும் எரிபொருளும்

கோவை மறைமாவட்டத்தில் கடல் இல்லை. ஆயினும் 1980ஆம் ஆண்டு டி.வி.எஸ். 50 வந்தபின், பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் வழக்கம் நம் தோட்டத்து வீடுகளுக்குப் பழகிப்போயிற்று. முட்டம், குளச்சல் கடற்கரைகளில் நம் மீனவச் சகோதரர்கள் வள்ளங்களில் பொருத்தும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கும் அதே நியதிதான்.

இவ்வகை எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி கிடையாது. எரிபொருளோடு வரும் எண்ணெயே பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பைத் தந்துவிட்டு, உடன் எரிந்துபோகிறது. ஐம்பதுக்கு ஒன்று எனில் லிட்டருக்கு 20 மில்லி. இருபத்தைந்துக்கு ஒன்று எனில் 40. எது வேண்டுமென்பதை எஞ்சினோடு வந்த கையேடே கூறும். பக்கத்து வீட்டார் கணக்கு உதவாது.

சிக்கனம் கருதி எண்ணெயைக் குறைப்போர் உண்டு. சூடேறிய பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். வீதியிலானால் வண்டியைத் தள்ளியேனும் வீடு சேரலாம். கரை மறைந்த கடலில் என் செய்வது? மிகுதியாக ஊற்றினாலோ புகையும், பிளக்கில் கரியுமே மிச்சம்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு வருவர். இல்லையேல் கார்புரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெய், மறுநாள் விடியலில் எஞ்சினைக் கிளம்பவிடாது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் ஓய்வதற்குள் மற்ற வள்ளங்கள் மீன்பாட்டிற்குச் சென்றிருக்கும்.