தள்ளுவண்டி ஏன் மல்லாந்து விழுகிறது?

மூன்று வயதுப் பிள்ளை இறங்கிய மறுநொடி, கைப்பிடியில் மாட்டிய காய்கறிப் பையோடு தள்ளுவண்டி மல்லாந்து விழும். தக்காளி தெருவெல்லாம் உருளும். ஏன்? கைப்பிடி பின்சக்கர அச்சையும் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதுவே நெம்புகோல். அதுவரை எதிர்எடையாக உட்கார்ந்திருந்தது பிள்ளைதான்! பையைச் சீட்டுக்கு அடியிலுள்ள கூடையில் போட்டால் தொல்லை இல்லை.

வண்டி வாங்கும்போது, கனத்த பிள்ளைக்குச் சக்கரம் பெரிதாக இருக்கட்டும். இரண்டு அங்குல மேட்டில் சின்னச் சக்கரம் முட்டி நிற்கும். பெரியது சாய்வாகத் தொட்டு ஏறிவிடும். மடிக்கும் மூட்டுகளையும் ஆட்டிப் பாருங்கள், லொடலொடத்தால் வேண்டாம்.

எடை வரம்பு? ஐரோப்பியத் தரவிதி இஎன் 1888-இன் முதல் பகுதி 15 கிலோ வரைக்கும், இரண்டாம் பகுதி அதற்கு மேல் 22 கிலோ வரைக்கும். எந்தப் பகுதி என்று லேபிளில் பாருங்கள்.