தேயிலைக்கு உரம்: தவறணைப் பையிலும் மலையிலும்

ஊவாவின் மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலைக்கு உரமிடும் வேலை தவறணையில் தொடங்குகிறது. ஒரு கணுவும் ஓர் இலையும் உள்ள தண்டுத் துண்டைப் பொலித்தீன் பையில் நட்டுக் கன்றாக்குவதே இன்றைய வழக்கம். தோட்டத்தார் வீ.பி. தேயிலை என்பது இப்படி வளர்ந்த செடியைத்தான். துண்டு வேர்விட இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை உரம் எதுவும் வேண்டாம். வேரில்லாத துண்டுக்கு உரக் கரைசல் ஊற்றினால் அடி கருகிவிடும். செழிப்பாக வரட்டும் என்று பை மண்ணில் மாட்டெருவைக் கலப்பவர்களும் உண்டு. அதனால் துண்டு அழுகுவதே அதிகம். புளிப்புத் தன்மையுள்ள, வேர்ப்புழு இல்லாத மண்ணே பைக்குப் போதும்.

வேர் பிடித்த கன்றுக்குக் கொடுப்பது டி65 கலவை. அமோனியம் சல்பேற்று, அமோனியம் பொஸ்பேற்று, பொட்டாசியம் சல்பேற்று, மக்னீசியம் சல்பேற்று ஆகியவை சேர்ந்த இதைத் தண்ணீரில் கரைத்துப் பூவாளியால் ஊற்றுவார்கள். மலைக்குப் போடும் பொட்டாசு உரத்தில் குளோரைட்டு இருக்கிறது. பரந்த நிலத்தில் மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். பையில் இருக்கும் கைப்பிடி மண்ணிலோ உப்பு அங்கேயே தேங்கி வேரைச் சுடும். அதனால்தான் தவறணைக் கலவையில் பொட்டாசு சல்பேற்றாகச் சேர்க்கப்படுகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நீர்த்த கரைசலாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதே பைக் கன்றுக்கு ஏற்றது. ஊற்றி முடித்த கையோடு வெறும் தண்ணீரைத் தெளித்து இலைகளைக் கழுவிவிட வேண்டும். இதைத் தவறவிட்ட பாத்தியை மறுநாளே அடையாளம் காணலாம்: உரத்துளி தங்கிய இடமெல்லாம் இலை பழுப்பாகப் பொரிந்திருக்கும். லயத்து வாசலில் பால்மா டின்னில் வளரும் ரோசாவுக்கும் இதே கணக்குத்தான். மலைக்கு வந்த உரத்தில் ஒரு பிடியை அள்ளி டின்னில் போட்டால் செடி பட்டுப்போகும்.

கன்று மலைக்குப் போகுமுன் மலையும் தயாராக வேண்டும். பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மானாப்புல்லோ கௌதமாலாப் புல்லோ நட்டு, பதினெட்டு மாதம் முதல் இரண்டு வருடம் வரை வெட்டி வெட்டி மூடாக்காகப் போடுவார்கள். பல வருடம் தேயிலை நின்று களைத்த மண்ணுக்கு அது உயிர் கொடுக்கிறது. இந்தக் காலத்தைச் சுருக்கி மிச்சம் பிடிப்பது நட்டத்தில்தான் முடியும். பிறகு எத்தனை மூட்டை உரம் போட்டாலும் ஈடாகாது. நட்ட பிள்ளைக் கன்றுக்கு டி200 போன்ற கலவையைப் பல தவணையாகப் பிரித்து, தண்டில் படாமல் சுற்றிலும் தூவுவது முறை.

கொழுந்து எடுக்கும் செடியின் தேவை வேறு. உலர்ந்த கொழுந்தில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு நைதரசன். கூடையில் போகும் ஒவ்வொரு கிலோவோடும் மண்ணின் சத்தும் மலையை விட்டுப் போகிறது. எனவே விளைச்சலைப் பார்த்தே உரத்தின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. குறைவாகக் கொழுந்து தரும் பழைய விதைத் தேயிலைக்கு வீ.பி. மலையின் அளவைப் போடுவது வீண். ஹெக்டேயருக்கு 12,500 செடி என்று வைத்தால், ஒரு தவணைக்கு 250 கிலோ கலவை என்பது செடிக்கு 20 கிராம்தான். அவ்வளவு சிறிய அளவைக் கைக்கணக்கில் தூவும்போது சாலையோரச் செடிக்கு இரட்டிப்பும் மலை உச்சிக்குப் பாதியும் விழும். அளவுக் கிண்ணம் கொடுத்து வேலை வாங்கும் மலையில் கொழுந்து ஒரே சீராக வரும்.

ஊவாவில் காலம் பார்ப்பதே பெரிய காரியம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெருமழை. மார்ச், ஏப்ரலில் இன்னொரு மழை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தரும் மணம் அந்தக் காற்றில்தான் ஏறுகிறது. ஆனால் உரத்துக்கு அது ஆகாத காலம். காய்ந்த மண்ணில் தூவிய யூரியா அமோனியாவாக ஆவியாகிப் போகும். கொட்டும் மழைக்கு முதல்நாள் போட்டாலோ கான் வழியே ஓடிவிடும். புல்லை எடுத்து, கானைத் துப்புரவாக்கி, மண் ஈரமாக இருக்கும் நாளில் போடுவதே பலன் தரும். கவ்வாத்து வெட்டிய மலைக்குத் தளிர் வந்த பிறகே நைதரசன் போட வேண்டும்.

யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் வருடக்கணக்கில் மண்ணின் புளிப்பைக் கூட்டும். தேயிலைக்கு ஏற்ற பீ.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை. அதற்குக் கீழே போன மண்ணுக்குக் கவ்வாத்தை ஒட்டி டொலமைட் போடப்படுகிறது. டொலமைட்டையும் யூரியாவையும் ஒன்றாகப் போடக் கூடாது. நைதரசன் காற்றோடு போய்விடும்.

2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி ஒரே அறிவித்தலில் தடை செய்யப்பட்டது. அந்த வருட இறுதிக்குள் தடை நீங்கினாலும் உரத்தின் விலை பல மடங்காகியிருந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவை ஒட்டி விழுந்தது. சேதனப் பசளை மண்ணைத் திருத்தும், ஈரத்தைப் பிடிக்கும்; வாராவாரம் கொழுந்து கொடுக்கும் செடிக்கு வேண்டிய நைதரசன் முழுவதையும் அதனால் மட்டும் ஒரே பருவத்தில் கொடுக்க முடியாது. அந்தத் தடை தவறான முடிவு. கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களும் சிறு தோட்டக்காரர்களுமே அதன் பாரத்தைச் சுமந்தார்கள்.

உரம் விலையேறிய இந்தக் காலத்தில் மண்ணைச் சோதிக்காமல் மூட்டை வாங்குவது கட்டுப்படியாகாது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவாப் பிராந்திய நிலையம் பசறையிலேயே இருக்கிறது. சிறு தோட்டக்காரர்கள் அங்கே ஆலோசனை கேட்ட பிறகு உரம் வாங்குவது நல்லது.